முதுகிலே மூட்டை, மனசிலே வீடு!

"ஆறு நாள், பாங்காக். பெரிய ஹோட்டல் கிடையாது, கைடு கிடையாது. ஆளுக்கு ஒரு முதுகுப்பை, அவ்வளவுதான். வர்றியாடீ?"

பள்ளிக்கூட நாளிலிருந்து என்னோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சிநேகிதி போனில் இப்படிக் கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கல்யாணமாகி பதினாலு வருஷத்தில் தனியாக ஒரு ரயில்கூட ஏறாதவள் நான்! ஆனால் என்னவர் "போயிட்டுத்தான் வாயேன்" என்று சர்வ சாதாரணமாகச் சொல்லிவிட்டார். மாமியாரும், "குழந்தைகளை நான் பாத்துக்கறேன். போன் பண்ண மட்டும் மறந்துடாதே" என்றார்.

அந்த ஒரு வார்த்தையை நான் அளவுக்கு மீறிக் காப்பாற்றியதுதான் இந்தக் கதை.

பன்னிரண்டு கிலோ பயம்

பையில் என்னென்ன வைத்தேன் என்று கேளுங்கள். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய், சின்ன மின்சாரக் கெட்டில், ஐந்து செட் சுடிதார், இரண்டு துண்டு, ஒரு போர்வை! சென்னை விமான நிலையத் தராசு 12 கிலோ காட்டியது. சிநேகிதியின் பை ஆறே கிலோ.

நடந்து பயணம் போகிறவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். சுமக்கும் பை, நம் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் சுகம். ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டவே கூடாது. என் எடை 56 கிலோ. நான் எல்லையைத் தாண்டிவிட்டேன் என்பது எனக்கு அப்போது தெரியாது. தோளுக்குத் தெரிந்தது!

நடுநிசிக்குப் பிறகு கிளம்பி, மூன்றரை மணி நேரம் பறந்து இறங்கினோம். கடிகாரத்தை ஒன்றரை மணி முன்னே தள்ளி வைத்துக்கொண்டோம். ஸுவர்ணபூமி விமான நிலையத்திலிருந்து ஃபயா தாய் வரை ரயில்; அங்கிருந்து டாக்ஸியில், முதுகுப்பைக்காரர்களின் பேட்டையான காவ் சான் தெரு. 'காவ் சான்' என்றால் அரிசி என்று அர்த்தம். ஒரு காலத்தில் அரிசி வியாபாரம் நடந்த இடமாம். கேட்டதும் நம்ம ஊர் மண்டித்தெருவுக்கு வந்துவிட்டாற்போல் மனசுக்குத் தெம்பாக இருந்தது.

விடுதியில், "அறை மதியம் 2 மணிக்குத்தான் காலியாகும். பைகளை இங்கேயே வைத்துவிட்டுப் போங்கள்" என்றார்கள். சிநேகிதி வைத்துவிட்டாள். எனக்கு மனசு வரவில்லை. யாராவது எடுத்துவிட்டால்? சுமந்துகொண்டே கிளம்பினேன்.

டுக்-டுக் சவாரி

ப்ரா ஆதித் படகுத்துறையில் ஏறி, சாவ் ப்ரயா ஆற்றில் தா தியென் துறைக்குப் போனோம். எதிரே 'வாட் போ' கோயில். அதற்குள் நான் வீட்டுக்கு நாலு தடவை போன் பண்ணியாயிற்று. ஐந்தாவது தடவை சின்னவனுக்கு இருமல் என்றார் என்னவர். "சிரப் எந்த அலமாரியில இருக்கு?" நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, சலவைச் சட்டை போட்ட ஒரு மனிதர் வந்தார். "இன்று விசேஷ பூஜை. கோயில் மதியம்தான் திறக்கும். அதுவரை இருபது பாட்டுக்கு ஊரைச் சுற்றிக் காட்டச் சொல்கிறேன்" என்று ஒரு டுக்-டுக்கைக் கூப்பிட்டார். சிநேகிதி என் கையைக் கிள்ளினாள். நானோ போனில், "நீலப் பாட்டில்... மேல் தட்டு..." மூட்டைச் சுமை வேறு. "சரி சரி, ஏறுடீ" என்றேன்.

அது போய் நின்ற இடம் ஒரு ரத்தினக்கல் கடை! ஒன்றரை மணி நேரம் எங்களை விடவில்லை. வாங்காமல் தப்பி வந்ததே பெரிய காரியம். பாங்காக்கில் இது ரொம்பப் பழைய தந்திரமாம். கோயில் மூடியிருக்கிறதா என்பதைக் கோயில் வாசலில் போய்த்தான் பார்க்க வேண்டும், வழியில் வருகிறவரிடம் கேட்கக் கூடாது.

வெளியே வந்ததும் சிநேகிதி வெடித்தாள். "உன்னோட வந்திருக்கேன்னு நெனச்சேன். உன் வீட்டோட வந்திருக்கேன் போலிருக்கு!"

சுருக்கென்றது. "உனக்கென்ன, உன் பொண்ணு காலேஜ் போறா. எனக்கு ஆறு வயசுப் பிள்ளை" என்று நானும் கொட்டிவிட்டேன். நடுத்தெருவில், கொளுத்தும் வெயிலில், இருபத்தைந்து வருஷச் சிநேகிதம் அன்றைக்கே முடிந்துவிடும் போலிருந்தது.

பேசாமலே வாட் போவுக்குத் திரும்பினோம். கோயில் ஜாம் ஜாமென்று திறந்திருந்தது! சன்னிதி வாசலில் செருப்பைக் கழற்றும்போது குனிந்த நான், மூட்டையோடு நிமிர முடியாமல் தடுமாறினேன். "கொடுடீ, கொஞ்ச நேரம் நான் தூக்கறேன்" என்று பையை வாங்கிக்கொண்டாள் அவள்.

உள்ளே 46 மீட்டர் நீளத்தில் புத்தர் சயனித்திருக்கிறார். பாதங்களில் முத்துச்சிப்பி பதித்த 108 மங்கலச் சின்னங்கள். சுவரோரம் வரிசையாக 108 பாத்திரங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு காசு போட்டுக்கொண்டே நடக்க வேண்டும். 'டிங்... டிங்...' பாதி வழியில்தான் கவனித்தேன், அத்தனை நேரமும் வீட்டு ஞாபகமே எனக்கு வரவில்லை.

கோயிலோடு சேர்ந்தே மசாஜ் பள்ளியும் இருக்கிறது. கால்களுக்கு அரை மணி பிடித்துவிட்டார்கள். (கர்ப்பிணிகளும், காலில் நரம்புச் சுருட்டல் உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்துகொள்ள வேண்டாம்.) பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் கண்ணை மூடியபடியே, "காலையிலிருந்து எனக்கு ஒரே பயம்டீ" என்றேன். "எனக்கு மட்டும் இல்லையா? நீ இருக்கேங்கற தைரியத்துலதானே வந்தேன்" என்றாள் அவள்!

சாயங்கால ஊஞ்சல்

விடுதியில் நன்றாகத் தூங்கி எழுந்து, கைவீசி நடந்தோம். சிவப்பு வர்ணம் பூசிய பிரம்மாண்டமான ஊஞ்சல் கம்பம் ஒன்று நடுவீதியில் நிற்கிறது. முதலில் நிறுவியது 1784-ல். 1935 வரை இதில் ஊஞ்சலாடும் விழா நடந்திருக்கிறது. விழாவின் பெயர் 'திரியம்பவாய்'. ஆமாம், நம் மார்கழித் திருவெம்பாவைதான் அப்படி மருவியிருக்கிறது! ஊஞ்சலாட்டம் நின்றாலும், பக்கத்திலுள்ள பிராமணர் கோயிலில் சடங்கு இன்றும் நடக்கிறது. கடல் தாண்டி இத்தனை தூரம் வந்தும் திருவெம்பாவை தொலைந்துபோகவில்லை. ஆறு நாளில் நான் மட்டும் வீட்டுக்குத் தொலைந்துவிடுவேனா?

இரவு எட்டு மணிக்கு, அன்றைய கடைசி போன். "சிரப் அப்பவே கெடச்சுடுத்து. இருமலும் கம்மி. எதுக்கும்மா இத்தனை தடவை பண்றே?" என்றார் மாமியார். பின்னாலிருந்து சின்னவன் குரல்: "அம்மா! அப்பா வார்த்த தோசை இலங்கை மேப் மாதிரி இருக்கு. ஆனா நல்லா இருக்கு!"

சிரித்தேன். கண்ணும் கொஞ்சம் கலங்கியது.

கிளம்பப் போகும் தோழிகளுக்கு...

* மருந்து இருக்குமிடம், டாக்டர் நம்பர், பள்ளி நேரம் எல்லாவற்றையும் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போங்கள். போனுக்குக் காலை, மாலை இரண்டு வேளை போதும்.

* கனமான சாமானைப் பையில் முதுகை ஒட்டி வையுங்கள். இடுப்புப் பட்டையை இறுக்கினால் சுமை தோளை விட்டு இடுப்புக்கு இறங்கும். பாஸ்போர்ட்டும் பணமும் உடம்போடு இருக்கட்டும். பை விடுதியில் இருக்கட்டும்.

* தாய்லாந்துச் சமையலில் மீன் சாறு அநேகமாக எல்லாவற்றிலும் சேரும். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் 'ஜே' என்று போட்ட கடைகளில் சைவம் கிடைக்கும். குழாய்த் தண்ணீர் வேண்டாம், பாட்டில் தண்ணீர்தான்.

* முதல் நாள் ஒரே ஒரு இடம் பாருங்கள். தூக்கமும் சாப்பாடும் முக்கியம். களைப்பு வந்தால் உடனே வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். சொல்லாத களைப்புத்தான் சண்டையாக வெளியே வரும்.

புளிக்காய்ச்சலை என்ன செய்தேன் என்கிறீர்களா? மூன்றாம் நாள் விடுதிச் சமையலறையில் சுடுசோறு வடித்துப் பிசைந்தோம். வாசனை பிடித்து வந்த மூன்று தேசத்துப் பெண்கள் பாட்டிலைக் காலி செய்துவிட்டார்கள். திரும்பி வரும்போது என் பை ஏழே கிலோ!