மெயின்பிரேம் கோப்புகளின் காப்புநகலும் மீட்பும்

1964இல் ஐபிஎம் நிறுவனம் அறிவித்த சிஸ்டம்/360 வரிசையின் வழிவந்த மெயின்பிரேம் கணினிகள் இன்றும் வங்கிக் கணக்குகளைத் தாங்கி நிற்பதால், அவற்றின் கோப்புகளுக்குரிய காப்புநகல் முறையை, எதை எவ்வளவு விரைவில் மீட்க வேண்டும் என்னும் கேள்வியிலிருந்தே தேர்ந்தெடுப்பது முறையாகும். இக்கணினிகளில் இயங்கும் இசட்/ஓஎஸ் இயங்குதளத்தின் டிஎஃப்எஸ்எம்எஸ்டிஎஸ்எஸ் என்னும் நிரல், வட்டின் தடங்களை இருந்தபடியே படியெடுக்கும் முறையிலும், ‘டேட்டா செட்’ எனப்படும் கோப்புகளைப் பெயரால் தேடிப் படியெடுக்கும் முறையிலும் செயல்படுகிறது. வட்டு முழுவதும் பழுதானால் முன்னது கைகொடுக்கும். ஒரு கோப்பு மட்டும் தவறுதலாக அழிந்தாலோ, வேறு வகை வட்டில் அதை இறக்க வேண்டியிருந்தாலோ பின்னதே பொருத்தமானது.

பிளாஷ்காப்பி என்னும் வசதி சில நொடிகளில் நகலை நிறுவிவிடுவதால் இரவு நேரத் தொகுதிப் பணிகள் நெடுநேரம் காத்திருக்க நேர்வதில்லை. ஆயினும் அந்நகல் மூலக்கோப்பு இருக்கும் அதே சேமிப்புக் கருவியில் உருவாவதால், அதை நாடாவிலோ வேறிடத்திலோ மறுபடி எடுத்து வைப்பது இன்றியமையாதது. தரவுத்தளங்களுக்கோ இதுவும் போதாது. நகலுக்குப் பின் நிகழ்ந்த ஒவ்வொரு மாற்றத்தையும் குறித்துவைக்கும் ‘லாக்’ என்னும் பதிவேட்டையும் சேர்த்துக் காத்தால்தான், பழைய நகலை இறக்கி, அதன்மேல் அம்மாற்றங்களை வரிசையாக ஏற்றி, பழுது நேர்வதற்குச் சற்று முந்தைய நிலைக்குத் தரவுத்தளங்களைக் கொண்டுவர முடியும்.