"உன்ர நிறத்துக்கு அது எடுபடாது"

தீபாவளிக்கு முதல் வாரம் யாழ்ப்பாணத்தில் எந்த உடுப்புக்கடைக்குள் போனாலும் இந்த வசனம் காதில் விழும். பிள்ளை எலுமிச்சை மஞ்சளிலோ கடும் நீலத்திலோ ஒரு சாறியைத் தொட்டிருக்கும். "உன்ர நிறத்துக்கு அது எடுபடாது பிள்ளை, வை" என்று தாய் சொல்லிவிடுவார். விற்பனைக்கு நிற்கும் பெண்ணும் தலையாட்டிக்கொண்டு இளம் றோஸ் ஒன்றை எடுத்து விரிப்பார்.

யாருக்கு எந்த நிறம் எடுபடும் என்று சொல்வதே தென்கொரியாவில் இப்போது ஒரு தொழில். சியோலில் அதற்கென்று தனி நிலையங்கள் இருக்கின்றன. வாடிக்கையாளரை ஒப்பனை இல்லாமல் கண்ணாடி முன்னால் இருத்தி, போட்டிருக்கும் உடுப்பை வெள்ளைத் துணியால் மூடி, நாடிக்குக் கீழே நிறத்துணிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்க்கிறார்கள். கடைசியில் "நீங்கள் இளவேனில்", "நீங்கள் குளிர்காலம்" என்று ஒரு பருவத்தின் பெயரைச் சொல்லி, அதற்குரிய நிறங்களின் பட்டியலையும் கொடுக்கிறார்கள். அந்தக் காணொளிகள் எங்கள் பிள்ளைகளின் போன்களிலும் ஓடுகின்றன. இதில் உண்மை எவ்வளவு, வியாபாரம் எவ்வளவு?

உண்மை கொஞ்சம் இருக்கிறது. 1824 இல் பரிஸ் நகரின் கோப்லன் நெசவாலையில் சாயப் பகுதிக்குப் பொறுப்பாக வந்தவர் மிஷெல் செவ்ரல் என்ற இரசாயனவியலாளர். அங்கே கறுப்புச் சாயம் மங்கலாக இருக்கிறது என்று முறைப்பாடு இருந்தது. அவர் சோதித்துப் பார்த்தபோது சாயத்தில் பிழையில்லை. பக்கத்தில் நெய்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பின் அழுத்தத்தைக் குறைத்துக் காட்டின. கண் எந்த நிறத்தையும் தனியாகப் பார்ப்பதில்லை, பக்கத்து நிறத்தோடு ஒப்பிட்டே பார்க்கிறது என்று 1839 இல் அவர் விரிவாக எழுதினார். முகத்துக்கும் இதே கதைதான். பச்சைத் துணிக்குப் பக்கத்தில் தோலிலுள்ள சிவப்பு கூடித் தெரியும். கடும் மஞ்சளுக்குப் பக்கத்தில் அதே தோல் சற்று நீலம் பாய்ந்ததுபோலத் தெரியலாம். இதோடு, துணியில் பட்ட வெளிச்சம் தெறித்து நாடிக்கும் கழுத்துக்கும் கீழிருந்து ஒரு சாயலைப் பூசுகிறது.

பருவப் பெயர்கள் பிறகு வந்தவை. ஜேர்மனியின் பௌஹவுஸ் கலைக்கூடத்தில் படிப்பித்த சுவிஸ் ஓவியர் யொஹன்னஸ் இட்டன், மாணவர்கள் விரும்பும் நிறங்களுக்கும் அவர்களுடைய தோல், தலைமுடி நிறத்துக்கும் தொடர்பு இருப்பதாகக் கண்டார். 1980 இல் அமெரிக்காவில் கரோல் ஜக்சன் எழுதிய புத்தகம் மனிதரை நான்கு பருவமாகப் பிரிக்கும் முறையைப் பரப்பியது. அதில் கறுப்பினத்தவரும் ஆசியரும் பெரும்பாலும் "குளிர்காலம்" என்ற ஒரே பெட்டிக்குள் போடப்பட்டார்கள். கிளிநொச்சிப் பிள்ளையும் நைரோபிப் பிள்ளையும் ஜப்பான் பிள்ளையும் ஒரே குளிர்காலம்! இலையுதிர்காலமே தெரியாத எங்களுக்கு இந்தப் பெயர்களால் என்ன பயன் என்பது வேறு. இப்போது பன்னிரண்டு வகை என்கிறார்கள். மணிக்கட்டு நரம்பு பச்சையா நீலமா என்று பார்க்கச் சொல்கிறார்கள். கறுத்த தோலில் அது தெளிவாகத் தெரிவதே இல்லை. போன் ஃபில்டரை நம்பவே வேண்டாம். கமரா தானாக நிறத்தை மாற்றும், பல ஃபில்டர்கள் முகத்தை வெளுக்கவும் செய்யும்.

பெட்டிகளை விட்டுவிட்டு அவர்கள் கேட்கும் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். நல்ல நிற ஆலோசகர், துணியைப் பிடித்ததும் கண்ணுக்குக் கீழுள்ள கருமை கூடித் தெரிகிறதா, முகம் களைத்துத் தெரிகிறதா, தெளிவாகத் தெரிகிறதா என்று பார்க்கிறார். எங்கள் கடைகளில் கேட்கப்படுவது அதுவல்ல. "வெள்ளையாக் காட்டுதோ?" என்பதுதான். எலுமிச்சை மஞ்சள் கறுத்த பிள்ளையை இன்னும் கறுப்பாகக் காட்டலாம், அது உண்மை. ஆனால் கறுப்பாகத் தெரிவதும் களைத்துத் தெரிவதும் ஒன்றல்ல. அதே மஞ்சளில் அந்த முகம் பளிச்சென்று இருக்கவும் கூடும். பிடித்துப் பார்க்காமல் எப்படித் தெரியும்? றோஸ் சாறியோடு வீட்டுக்குப் போகும் அதே பிள்ளைதான் பிறகு வெள்ளையாக்கும் கிறீம் தேடுகிறது.

சோதனைக்குக் காசு தேவையில்லை. காலை ஒன்பது, பத்து மணிக்கு, நேர்வெயில் படாத வாசலில் வெளிச்சத்தைப் பார்த்து இருங்கள். பவுடர் வேண்டாம். தலைமுடியைக் கட்டி, தோளில் ஒரு வெள்ளைத் துவாய் போடுங்கள். பெட்டியிலிருக்கும் பழைய சாறிகளே போதும். ஒரே நிறத்தில் இரண்டு வகையை மாற்றி மாற்றிப் பிடிக்க வேண்டும்: எலுமிச்சை மஞ்சளும் மாம்பழ மஞ்சளும், குங்குமச் சிவப்பும் செங்கட்டிச் சிவப்பும், மயில்நீலமும் வான்நீலமும். துணியைப் பார்க்காமல் கண்ணின் கீழ்ப்பகுதியையும் வாயோரத்தையும் பாருங்கள். இன்னொருவர் பக்கத்தில் இருந்து பார்த்தால் நல்லது. கடையிலும் அப்படித்தான், ரியூப் லைற்றுக்குக் கீழே முடிவெடுக்காமல் வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். எங்கள் அம்மம்மாமார் செய்த வேலைதான் இது.

இதை எழுத முதல் எங்கள் வீட்டு விறாந்தையில் செய்து பார்த்தேன். பக்கத்து வீட்டு அன்ரியும் வந்திருந்தார். 2009 இல் கையளித்த கணவரை இன்றுவரை தேடுபவர். வெள்ளை கட்டினால் அவர் இல்லையென்று தானே ஒப்புக்கொண்டது மாதிரி. நல்ல கலர் கட்டினால் ஊர் கதைக்கும். அதனால் இத்தனை வருடமாகச் சாம்பலும் மங்கிய மண்ணிறமும்தான். அந்த நிறங்கள் அவருக்கு எடுபடுமா என்று ஒருவரும் கேட்டதில்லை.

"எனக்கேன் பிள்ளை உதெல்லாம்?" என்றார். பிறகு அம்மாவின் மாம்பழ மஞ்சள் சாறியைத் தானே எடுத்து நாடிக்குக் கீழே பிடித்தார். கண்ணாடியைக் கொஞ்சம் உயர்த்திப் பிடிக்கச் சொன்னார்.