பையனின் முதல் வண்டி: பந்தய ரக மோட்டார் சைக்கிள் பொருந்துமா?

பிளஸ் டூ முடிவு வந்து கல்லூரியில் இடமும் கிடைத்துவிட்டால், நம் வணிகர் இல்லங்களில் அடுத்து எழும் பேச்சு வண்டியைப் பற்றியதுதான். ஒப்பணக்காரத் தெருவில் கடை வைத்திருப்பவரானாலும், பல்லடத்தில் மொத்த வியாபாரம் செய்பவரானாலும் இதற்கு விலக்கில்லை. முன்பெல்லாம் பையன் ஒரு வண்டி கேட்பான். எந்த வண்டி என்பதை அப்பா முடிவு செய்வார். இன்று பையன் கேட்கும்போதே கம்பெனிப் பெயர், மாடல், நிறம் வரை சொல்லிவிடுகிறான். அவன் கேட்பது பெரும்பாலும் பந்தய ரக மோட்டார் சைக்கிள். "கூடப் படிக்கிற பசங்க எல்லாம் வாங்கீட்டாங்கப்பா" என்பது அவனுடைய வாதம். "கடை நல்லபடியா நடக்குது, ஒரே பையன், வாங்கிக் குடுத்துடலாமுங்க" என்பது வீட்டிலுள்ளவர்களின் சிபாரிசு.

பணம் இருப்பதும் பாசம் இருப்பதும் சரி. கியர் போடவே இப்போதுதான் பழகும் ஒருவருக்கு அந்த வண்டி பொருந்துமா என்பதே நாம் எடுத்துக்கொண்டிருக்கும் கேள்வி. இதை வியாபாரக் கணக்கைப் போலவே வரவு செலவு போட்டுப் பார்ப்போம்.

அன்றைய வண்டியும் இன்றைய வண்டியும்

"நாங்களும் அந்த வயதில் வேகமாகத்தானே ஓட்டினோம்" என்று சொல்லும் அன்பர்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் ஓட்டியது பெரும்பாலும் 1985-ல் வந்து 1996 வரை விற்பனையான யமஹா ஆர்.எக்ஸ். 100. அதன் எஞ்சின் 98 சிசி. திறன் சுமார் 11 குதிரைத்திறன். அதற்கே "பறக்கும் வண்டி" என்ற பெயர் இருந்தது.

அதே காலத்தில் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் தயாரித்த ராஜ்தூத் 350 என்ற வண்டியைச் சிலர் நினைவில் வைத்திருப்பார்கள். இரட்டை சிலிண்டர், 347 சிசி, அதிகத் திறன் கொண்ட மாடலில் சுமார் 30 குதிரைத்திறன். பழகாதவர்கள் அதன் ஆக்ஸிலேட்டரைத் திருகவே பயப்படுவார்கள். முன் சக்கரத்தில் டிரம் பிரேக் மட்டுமே இருந்ததால் அதன் வேகத்துக்கு ஏற்றபடி நிறுத்துவதும் சிரமமாக இருந்தது.

இப்போதைய நிலையைப் பாருங்கள். 2013-ல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்த கே.டி.எம். 390 ட்யூக் 373 சிசி. சுமார் 43 குதிரைத்திறன். அடுத்த ஆண்டு வந்த ஆர்.சி. 390 அதே எஞ்சினுடன், முன்னால் குனிந்து ஓட்டும் பந்தய அமைப்பில் வந்தது. அன்று பெரியவர்களே தயங்கிய ராஜ்தூத் 350-ஐ விட இது ஏறக்குறைய ஒன்றரை மடங்கு திறன், ஆர்.எக்ஸ். 100-ஐப் போல நான்கு மடங்கு. இதைத்தான் பதினெட்டு வயதுப் பையன் "சின்ன பைக்தானப்பா" என்கிறான். ஆயிரம் சிசிக்கு மேற்பட்ட வண்டிகளோடு ஒப்பிட்டால் அது சின்னதுதான். கற்றுக்கொள்ள வருபவனோடு ஒப்பிட்டால் சின்னதல்ல.

பிரேக்கும் டயரும் இன்று பல மடங்கு மேம்பட்டுள்ளன என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2019 ஏப்ரல் 1 முதல் 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புது வண்டிகளிலும் ஏ.பி.எஸ். கட்டாயம். திடீரென்று பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் அது காக்கிறது. ஆனால் பிரேக் பிடிக்க வேண்டிய நேரத்தை ஏ.பி.எஸ். சொல்லித் தராது.

புதியவரிடம் என்ன தவறு நேர்கிறது?

முதலாவது, மணிக்கட்டு. புதிதாக ஓட்டுபவர் குழியில் விழுந்தாலோ நாய் குறுக்கே வந்தாலோ பயத்தில் கைப்பிடியை இறுகப் பிடிப்பார். அந்த இறுக்கத்தில் ஆக்ஸிலேட்டர் தானாகத் திருகிக்கொள்ளும். 100 சிசி வண்டியில் இது ஒரு சிறு குலுக்கலோடு போய்விடும். 40 குதிரைத்திறன் வண்டியில் அதே தவறு முன்னால் நிற்கும் லாரியில்தான் முடியும். அந்த ரக வண்டிகள் நின்ற நிலையிலிருந்து ஆறு வினாடிக்குள் 100 கிலோமீட்டர் வேகத்தை எட்டிவிடுகின்றன. தவறு செய்து திருத்திக்கொள்ள அவகாசமே இல்லை.

இரண்டாவது, தூரம். மணிக்கு 60 கிலோமீட்டரில் செல்லும்போது ஆபத்தைக் கண்டு கை பிரேக்குக்குப் போக ஒரு வினாடி ஆனால், அதற்குள் வண்டி சுமார் 17 மீட்டர் போய்விடும். அதன்பின் உலர்ந்த தார்ச்சாலையில் நன்றாகப் பிரேக் பிடித்து நிற்க இன்னும் 20 மீட்டர் வேண்டும். மொத்தம் 37 மீட்டர். அதுவே 100 கிலோமீட்டர் வேகமானால் அந்த ஒரு வினாடிக்கு 28 மீட்டர், பிரேக்குக்கு 56 மீட்டர், மொத்தம் 84 மீட்டர். இது தேர்ந்த கைக்கு உள்ள கணக்கு. புதியவருக்கு இன்னும் கூடும். மழை பெய்து, எம்-சாண்ட் லாரி சிந்திய மணல் வளைவில் கிடந்தால் இந்தக் கணக்கே செல்லாது.

மூன்றாவது, உட்காரும் விதம். பந்தய ரக வண்டியில் உடல் முன்னால் சாய்ந்து, பாரம் மணிக்கட்டில் இறங்குகிறது. கைப்பிடி அதிகம் திரும்பாது. டவுன்ஹால் நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது கிளட்ச் பிடித்த கை சோர்ந்துவிடும். எஞ்சினின் வெப்பம் காலில் அடிக்கும். நெரிசலில் பழக வேண்டியவனுக்கு இது பாடம் படிக்க ஏற்ற இருக்கை அல்ல.

நம் வட்டாரத்துச் சாலைகளும் இதற்கு ஒரு காரணம். அவினாசி சாலையில் உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் நீளமுள்ள மேம்பாலம் 2025 அக்டோபர் 9 அன்று திறக்கப்பட்டது. அப்படி நீண்டு கிடக்கும் சாலை, இளம் கைக்குச் சவால் விடுவது போலத் தோன்றும். விடுமுறை வந்தால் ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே வளைவில் கோட்டைத் தாண்டி எதிரே பேருந்தைச் சந்திப்பவர்கள் பெரும்பாலும் வண்டியின் திறனைத் தெரிந்துகொண்டு, வளைவைத் தெரிந்துகொள்ளாதவர்கள்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022-ம் ஆண்டு அறிக்கைப்படி நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 74,897 பேர் இரு சக்கர வண்டியில் சென்றவர்கள். அதே ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் பெற்றது நம் தமிழ்நாடு: 64,105 விபத்துகள், 17,884 உயிர்கள். நாடு முழுவதும் ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர். ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஒரு வீடு இருக்கிறது.

கோவை கற்றுத்தந்த பாடம்

வேகத்துக்கு எதிரியான ஊரல்ல நம் ஊர். ஜி.டி. நாயுடு அவர்கள் இளமையில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்து, ஓட்டலில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து அதை வாங்கியதை நாம் அறிவோம். வாங்கியதும் அதைப் பிரித்துப் போட்டு, எது எப்படி இயங்குகிறது என்று பார்த்தார். அவினாசி சாலை மேம்பாலத்துக்கு அவர் பெயரைத்தான் சூட்டியிருக்கிறார்கள். நாடெங்கும் மோட்டார் சைக்கிள்களில் ஓடும் ரோலான் செயின் நம் கோவை எல்.ஜி.பி. நிறுவனத்தின் தயாரிப்பு.

கார் பந்தயத்திலும் இதே ஊர்தான். கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன், மாருதி எஞ்சினைப் பொருத்தி எளிய விலையில் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டினார். ஃபார்முலா மாருதி என்று பெயர் பெற்ற அந்தச் சின்ன எஞ்சின் காரில்தான் கோவை இளைஞர் நரேன் கார்த்திகேயன் பந்தய வாழ்க்கையைத் தொடங்கினார். 2005-ல் அவர் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். கரிவரதன் 1995-ல் மறைந்தார். 2003-ல் செட்டிபாளையத்தில் திறக்கப்பட்ட பந்தயச் சாலை அவர் பெயரையே தாங்கியிருக்கிறது.

மோட்டார் சைக்கிள் பந்தயத்திலும் வழி இதுதான். இத்தாலி நாட்டு வாலன்டினோ ரோஸி 1996-ல் 125 சிசி பிரிவில் தொடங்கினார். 1998-ல் 250 சிசிக்குப் போனார். 2000-ல்தான் 500 சிசி வண்டியில் ஏறினார். உலக சாம்பியனுக்கே படிப்படியாகத்தான் வண்டி கொடுத்தார்கள்.

நம் ஊர்க்காரர்கள் பலர் தொழில் நிமித்தம் சென்றுவரும் சிங்கப்பூரில் இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். முதலில் 200 சிசி வரைதான் உரிமம். அதை ஓராண்டு வைத்திருந்தால்தான் 400 சிசி வரையிலான உரிமத்துக்குப் போகலாம். அதில் மேலும் ஓராண்டு கழிந்த பிறகே அதற்கு மேல். நம் நாட்டில் கியர் உள்ள மோட்டார் சைக்கிளுக்கு உரிமம் வாங்கிவிட்டால் 100 சிசியும் ஓட்டலாம், 1000 சிசியும் ஓட்டலாம். சட்டம் போடாத படிக்கட்டை அப்பாதான் போட வேண்டியிருக்கிறது.

பணமும் சட்டமும்

ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை 18 சதவீதம்; அதற்கு மேல் 40 சதவீதம். 2022 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த மூன்றாம் நபர் காப்பீட்டு அட்டவணையில் 75 முதல் 150 சிசி வரை ஆண்டுக்கு ரூ.714, 350 சிசிக்கு மேல் ரூ.2,804. டயர், செயின், பிரேக் பேட் எல்லாம் இதே விகிதத்தில் ஏறும். பழகுபவன் வண்டியை இரண்டு முறையாவது கீழே போடுவான். ஒவ்வொரு முறையும் பந்தய வண்டியின் பக்கத் தகடுகள் உடையும்போது பில் ஆயிரங்களில் வரும்.

இதைவிடப் பெரிய சங்கதி பொறுப்பு. 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறையிலுள்ள மோட்டார் வாகனச் சட்டம் 199-ஏ பிரிவின்படி, பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் ரூ.25,000 அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது.

உரிமம் இல்லாதவர் ஓட்டி விபத்து நேர்ந்தால், காப்பீட்டு நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, உரிமையாளரிடமிருந்து அதைத் திரும்ப வசூலிக்க வழியுண்டு. உச்ச நீதிமன்றத்தின் 2004-ம் ஆண்டு ஸ்வரன் சிங் தீர்ப்பு இந்த வழியைத் தெளிவுபடுத்தியிருக்கிறது. வண்டி கடையின் பேரில் இருந்தால் வசூல் வருவதும் கடையின் மேல்தான். மேலும், ரூ.15 லட்சத்துக்கான கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீடு வண்டியின் சொந்தக்காரருக்கே உரியது. அப்பா பேரிலோ கடை பேரிலோ வாங்கிய வண்டியைப் பையன் ஓட்டினால் அந்தக் காப்பு அவனுக்குச் சேராது. கணக்குக்காகக் கடை பேரில் வாங்கும் வழக்கமுள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அப்படியானால் என்ன செய்யலாம்?

பையனின் ஆசையை அடியோடு மறுக்கச் சொல்லவில்லை. மறுத்தால் நண்பனின் வண்டியை இரவல் வாங்கி ஓட்டுவான். அது இன்னும் ஆபத்து. கீழ்க்கண்ட படிகளை வீட்டில் பேசி முடிவு செய்யலாம்.

1. பதினெட்டு வயதும் முறையான உரிமமும் வரும்வரை எந்தக் கியர் வண்டியும் வேண்டாம்.

2. முதல் ஓராண்டு 100 முதல் 125 சிசி வண்டி. பழைய வண்டியானாலும் நல்லதே. கீழே போட்டாலும் நஷ்டம் குறைவு. கடைக்குச் சரக்கு எடுத்துவரவும் உதவும்.

3. திடீர் பிரேக், வளைவில் திரும்புதல், மெதுவாக ஓட்டுதல் ஆகியவற்றை ஆளில்லா மைதானத்தில் திரும்பத் திரும்பப் பழகட்டும்.

4. ஓராண்டு விபத்தின்றி ஓட்டினால் 150 சிசி ரகம். பந்தயத் தோற்றம்தான் ஆசையென்றால், 2008 முதல் விற்பனையிலுள்ள யமஹா ஆர்.15 போன்ற வண்டிகள் சுமார் 17, 18 குதிரைத்திறனில் அந்தத் தோற்றத்தைத் தருகின்றன.

5. அதற்கும் ஓரிரு ஆண்டு கழித்துப் பெரிய வண்டி. பழையதாக வாங்கினால் ஏ.பி.எஸ். உண்டா என்று பார்க்கவும். 2012-ல் வந்த 200 ட்யூக் போன்ற வண்டிகள் ஏ.பி.எஸ். இல்லாமலே விற்பனையாயின.

6. வண்டிக்கு ஒதுக்கும் பணத்தில் ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற ஹெல்மெட், கையுறை, கெட்டியான ஜாக்கெட், கணுக்கால் மூடும் ஷூ ஆகியவற்றை முதலில் வாங்கவும்.

7. வேகமாக ஓட்டியே தீர வேண்டுமென்றால் பந்தயச் சாலையில், பயிற்சியாளர் முன்னிலையில் ஓட்டட்டும். அவினாசி சாலையில் வேண்டாம்.

புதிதாகக் கடை திறந்த ஒருவர் நம்மிடம் வந்து முதல் நாளே ஐந்து லட்சத்துக்குக் கடன் சரக்கு கேட்டால் நாம் என்ன செய்வோம்? ஐம்பதாயிரத்துக்குக் கொடுத்து, அது ஒழுங்காக வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த லோடு அனுப்புவோம். அவர் மேல் நம்பிக்கை இல்லாமல் அப்படிச் செய்வதில்லை. தொழிலில் அவர் நிலைக்க வேண்டும் என்பதால் செய்கிறோம். சொந்தப் பிள்ளைக்கும் அதே கணக்கு பொருந்தும். வரும் கல்லூரிப் பருவத்தில் ஷோரூம் படியேறும் முன், உறுப்பினர்கள் இதைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு முறை படித்துப் பேசும்படி கேட்டுக்கொள்கிறோம்.