மே ஈயும் ட்ரௌட் மீனும்

மழை பெய்து ஓய்ந்த மாலையில் விளக்கைச் சுற்றி ஈசல் மொய்ப்பதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். அன்று பல்லிக்கும் தவளைக்கும் கோழிக்கும் பெருவிருந்து. இங்கிலாந்தின் தென்பகுதியிலும் ஆண்டுக்கொருமுறை இத்தகைய விருந்து ஒன்று நடைபெறுகிறது. ஆனால் அங்கே பூச்சி புறப்படுவது புற்றிலிருந்தன்று, ஆற்றின் அடியிலிருந்து. விருந்துண்பது ட்ரௌட் என்னும் மீன். அவ்விருந்தின் நடுவே மனிதனும் தன் தூண்டிலுடன் புகுந்துகொள்கிறான். அது எவ்வாறு என்பதைச் சற்று ஆராய்வோம்.

டெஸ்ட், கென்னட் முதலிய ஆறுகள் சுண்ணப் பாறை நிலத்தில் பிறப்பவை. மாரிக்காலத்து மழைநீர் அப்பாறைக்குள் இறங்கித் தங்கி, வடிகட்டப்பெற்று, ஊற்றுகளாக வெளிப்படுகிறது. ஆதலால் நீர் பளிங்கு போலத் தெளிந்திருக்கும். ஊற்று நீரின் வெப்பம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 10, 11 பாகை செல்சியஸ் அளவிலேயே நிற்கும். நீர்ச்செடிகள் செழித்து வளரும். அவற்றை அண்டிப் பூச்சிகள் பெருகும். பூச்சிகளை உண்டு ட்ரௌட் கொழுக்கும்.

அப்பூச்சிகளுள் பெரியது மே ஈ. ஈசல் கறையான் இனத்தைச் சேர்ந்தது. மே ஈ முற்றிலும் வேறு இனம். அதன் இளம்பருவம் ஆற்றின் வண்டலில் வளைதோண்டிப் பெரும்பாலும் இரண்டு ஆண்டுகள் வாழ்கிறது. மே மாத இறுதியிலும் ஜூன் தொடக்கத்திலும் அது நீர்மட்டத்திற்கு நீந்தி வந்து, தோலை உரித்து, மங்கிய சிறகுகளுடன் வெளிப்படுகிறது. சிறகு உலரும்வரை நீரின் மேல் மிதந்து, பின்னர்க் கரையிலுள்ள செடிகொடிகளுக்குப் பறந்து செல்கிறது. அங்கே மற்றொருமுறை தோலுரித்து, கண்ணாடி போன்ற சிறகுகளைப் பெறுகிறது. சிறகு முளைத்த பின்னும் தோலுரிக்கும் பூச்சியினம் இது ஒன்றே.

அதன் பிறகு அதற்கு உணவு கிடையாது. உண்ணத்தக்க வாயே இல்லை. ஆண் ஈக்கள் மரங்களின் அருகே கூட்டங்கூட்டமாக எழுந்தும் தாழ்ந்தும் ஆடுகின்றன. இணைசேர்ந்த பெண் ஈ ஆற்றைத் தொட்டுத் தொட்டுச் சில ஆயிரம் முட்டைகளை இட்டு, சிறகு விரித்தபடியே நீரில் விழுந்து மடிகிறது. ஈராண்டுத் தவத்திற்கு ஓரிரு நாள் வாழ்வு!

இனி, தூண்டிலைக் காண்போம். நம் ஊர்க் குளக்கரையில் முள்ளில் மண்புழுவைக் கோத்து நீரில் இடுவார்கள். வீசி எறிய வேண்டுமானால் ஈயக்குண்டு கட்டுவார்கள். இம்முறையிலோ புழுவுமில்லை, குண்டுமில்லை. சிறிய முள்ளின்மேல் பட்டுநூலும் சேவலின் கழுத்திறகும் சுற்றிப் பொய் ஈ ஒன்று செய்கிறார்கள். அதற்கு எடையே இல்லை. எடை கயிற்றில் இருக்கிறது. கோலை முன்னும் பின்னும் வீசும்போது அது வில் போல வளைந்து நிமிர்ந்து கயிற்றைக் காற்றில் நீட்டுகிறது. கயிற்றின் நுனியில், வர வர மெலியும் நைலான் நரம்பு. அதன் முனையில் பொய் ஈ, பூ விழுவது போல நீரில் வந்தமர்கிறது.

விழுந்தால் மட்டும் போதாது. ஆற்றின் நடுவில் நீர் விரைந்தும் ஓரத்தில் மெதுவாகவும் ஓடுகிறது. விரைந்தோடும் நீர் கயிற்றை இழுத்தால் பொய் ஈயும் கோடு கிழித்துக்கொண்டு நகரும். உண்மையான ஈ அவ்வாறு நகர்வதில்லை. ட்ரௌட் உடனே விலகிவிடும். ஆகவே, மீனுக்குக் கீழ்ப்புறம் நின்று, நீரோட்டத்தை எதிர்த்து, கயிறு சற்றே தளர்ந்து விழுமாறு வீசுவதே இக்கலையின் நுட்பம்.

மற்ற நாட்களில் அஞ்சி ஒளியும் ட்ரௌட், மே ஈ எழும்போது அச்சம் மறந்து உண்கிறது. எனவே அந்தக் காலத்தைக் கற்றுக்குட்டிகளின் இருவாரம் என்று ஆங்கிலேயர் கேலியாக அழைப்பர். ஆயினும் மே ஈயின் காலமும் அத்துணை எளிதன்று. நூற்றுக்கணக்கான மெய் ஈக்களிடையே பொய் ஈ ஒன்றை மீன் ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்? மேலும், நீருள் எழுந்துவரும் இளம்பூச்சியை உண்கிறதா, மிதக்கும் ஈயை உண்கிறதா, மடிந்த ஈயை உண்கிறதா என்பதையும் அறிய வேண்டும். மடிந்த ஈ எங்கும் ஓடிவிடாது. அதை மீன் ஓசையின்றி உறிஞ்சும். பறக்க முயல்வதையோ நீர் தெறிக்கப் பாய்ந்து பற்றும். அந்த நீர்ச்சுழிப்பைப் படிக்கத் தெரிந்தவனே வல்லவன்.

இதிலே ஒரு பெரிய வாதமும் எழுந்தது. மிதக்கும் ஈ ஒன்றே முறையானது என்ற கொள்கைக்கு, 1886ஆம் ஆண்டு நூல் எழுதிய ஹால்ஃபோர்டு வழிகாட்டியாக விளங்கினார். ட்ரௌட் தன் உணவின் பெரும்பகுதியை நீருக்குள்ளேயே கொள்ளும்போது, இளம்பூச்சியைப் போன்ற பொய் ஈயை நீருள் விடுவதில் தவறென்ன என்று ஸ்க்யூஸ் 1910ஆம் ஆண்டு முதல் நூல்வழியே வாதிட்டார். 1938ஆம் ஆண்டு லண்டனில் இது குறித்து விவாதக் கூட்டமே நடைபெற்றது.

இந்த மீன் நம் நாட்டிற்கும் வந்தது. 1900ஆம் ஆண்டு ஸ்காத்லாந்திலிருந்து வந்த முட்டைகளால் பழுப்பு ட்ரௌட் காஷ்மீரத்தில் வேரூன்றியது. இமாசலத்தின் தீர்த்தன் ஆற்றிலும் அது வாழ்கிறது. நீலகிரியில் 1860களில் செய்த முயற்சி பலிக்கவில்லை. 1907ஆம் ஆண்டையொட்டி வில்சன் என்பவரது உழைப்பால் வானவில் ட்ரௌட் நிலைபெற்றது. அயல்மீன் ஆதலால், நாட்டு மீன்களுக்கு அதனால் நேரும் இடையூற்றையும் நாம் மறத்தலாகாது.

இவ்விருந்து என்றும் தொடரும் என்று எண்ணிவிட முடியாது. வட அமெரிக்காவின் ஈரி ஏரியில் 1953ஆம் ஆண்டு, வெயில் மிகுந்து காற்று ஓய்ந்த நாட்களில், அடிநீரில் பிராணவாயு குறைந்து மே ஈக்கள் பெருவாரியாக மடிந்தன. அவை மீண்டும் பெருகியது 1990களில்தான். மழையைக் காணும் ராடார்க் கருவி மே ஈக் கூட்டங்களையும் காட்டும். அவ்வாறு கணக்கிட்டவர்கள், அந்த ஏரியின் மேற்குப் பகுதியிலும் மிசிசிப்பி ஆற்றின் மேற்பகுதியிலும் அண்மை ஆண்டுகளில் அவற்றின் அளவு பாதிக்கும் மேலாகக் குறைந்துள்ளதாக 2020ஆம் ஆண்டு தெரிவித்தனர். இங்கிலாந்தின் சுண்ண ஆறுகளுக்கும் கழிவுநீரும், வயல்களிலிருந்து வரும் வண்டலும், அளவின்றி நீர் இறைப்பதும் கேடு விளைவிக்கின்றன.

மே ஈயின் இனத்தார் நம் நாட்டு ஆறுகளிலும் உண்டு. நாம் குடியிருக்கும் ஊர் எதுவாயினும், அருகே ஓடும் சிற்றாற்றில் ஒரு கல்லைப் புரட்டிப் பார்க்கலாம். பக்கங்களில் இறகு போன்ற செவுள்களும், பின்னே பெரும்பாலும் மூன்று வால்களும் உடைய சிறு பூச்சிகள் பல ஒட்டியிருந்தால், அந்த நீரில் உயிர் இன்னும் குன்றவில்லை எனலாம். பார்த்த பின், கல்லை இருந்தபடியே வைத்துவிடுவது நம் கடமை.