தின்று சேர்த்த நஞ்சு

தென் அமெரிக்க அம்புத் தவளைகளின் தோல் நஞ்சு பெரும்பாலும் அவை தின்னும் எறும்பிலிருந்தும் மண்ணுண்ணியிலிருந்தும் வருகிறது. கூண்டில் பழ ஈ தின்று வளர்ந்த தவளைகளிடம் அந்த நஞ்சான ஆல்கலாய்டுகள் இல்லை. அமெரிக்க வேதியியலாளர் ஜான் டேலியும் அவருடைய குழுவினரும் கண்டறிந்த அருமையான உண்மை இது.

இப்படி இரவல் நஞ்சில் வாழும் உயிரைக் காணக் கேரளத்தின் கிழக்கேகோட்டையிலிருந்து கடல் கடக்க வேண்டியதில்லை.

கேரளத்தில் பறக்கும் கிரிம்சன் ரோஸ் பட்டாம்பூச்சியின் புழு கருடக்கொடி இலையைத் தின்கிறது. இலையிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் புழுவின் உடலில் தங்கி, சிறகு முளைத்த பிறகும் கூடவே இருக்கிறது. அதன் சிவந்த உடல் பறவைகளுக்கு எச்சரிக்கை.

நஞ்சில்லாத காமன் மார்மன் இனத்தின் பெண்களில் சில இதே சிறகுக் கோலத்துடன் பறந்து பறவைகளை ஏமாற்றுகின்றன. உற்றுப் பாருங்கள்: அவற்றின் உடல் கறுப்பு. அவற்றின் புழுக்கள் வளர்வது கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும்.