வாடகைக் குடியும் வீட்டுச் சட்டமும்

வறியோர்க்கு வீடு என்றவுடன் சொந்த வீட்டையே பலரும் கருதுவர். நகரங்களிற் சிறு சம்பளத்துக்கு உழைப்போர் பலர் முதலில் வேண்டி நிற்பது, தாங்கத்தக்க வாடகையில், நாளை எழுப்பப்படுவோம் என்னும் அச்சமின்றி வாழத்தக்க ஓரிடமேயாம். இலங்கைச் சட்டங்கள் இத்தேவையை எவ்வாறு நோக்கின என்பதை ஈண்டு ஆராய்வாம்.

போர்க்காலத்து வீட்டுப் பஞ்சத்தையொட்டி 1942இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பிறந்தது; 1948இலும் 1972இலும் அது புதுக்கப்பெற்றது. வாடகைக்கு எல்லை விதித்ததோடு, சட்டங் கூறுங் காரணமின்றிக் குடியிருப்போரை எழுப்புதலையும் அது தடுத்தது. 1973இல் வந்த வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டமோ மேலும் ஒருபடி சென்றது. ஒருவர் வைத்திருக்கத்தக்க வீடுகளின் தொகையை அது வரையறுத்தது; மிகையான வீடுகள் தேசிய வீடமைப்பு ஆணையாளர்பாற் சென்றன; குடியிருந்தோர் அவற்றை வாங்க வழி பிறந்தது. கொழும்புத் தோட்டங்களில் நெடுங்காலம் வாடகை கொடுத்தோர் பலர் உரிமையாளராயினர். இஃது எளிய பேறன்று.

ஆயினும், அதன்பின் நகருக்கு வந்தவருக்கு வீடு கொடுப்பார் யார்? வாடகை வருவாய் பழுதுபார்க்கவும் போதாதாக, வீடுகளின் தொகைக்கும் வரம்பு ஏற்பட்டபோது, வறியோர்க்கு விடவென வீடு கட்ட முதலுடையோர் விரும்பாமை வியப்பன்று. 1984 முதல் 1989 வரை நடைபெற்ற பத்து இலட்சம் வீட்டுத் திட்டமும் பெரும்பாலும் தம் வீட்டைத் தாமே கட்டுவோர்க்குக் கடனுதவியதேயாம். நிலமற்ற வாடகைக் குடிக்கு அதில் இடஞ் சிறிது. இன்று அறையொன்று எடுக்கவும் பல மாத முற்பணம் கேட்கின்றனர். நாட்கூலியாளன் அதனை எங்ஙனம் தேடுவான்?

வியன்னா நகரசபையார் சென்ற வழி வேறு. அங்கும் 1917 முதல் வாடகைக் கட்டுப்பாடு இருந்தது. கட்டுப்பாடுள்ளவிடத்துத் தனியார் கட்டார் என்பதை உணர்ந்த சபையார், 1923இல் வீட்டுக் கட்டட வரியொன்றை விதித்தனர். சிறு வீட்டுக்கு அது மிகச் சிறிது; மாளிகைக்கோ பன்மடங்கு. அவ்வரிப் பணத்தின் துணையுடன் 1934இற்குள் 60,000க்கு மேற்பட்ட வீடுகளைக் கட்டிக் குறைந்த வாடகைக்கு விட்டனர். கார்ல் மார்க்ஸ் ஹோவ் என்னும் ஒரு தொகுதியில் மட்டும் ஏறத்தாழ 1,400 வீடுகள் இருந்தன. விற்றுவிடாது சபையின் உடைமையாகவே வைத்திருந்தமையால், ஒரு குடும்பம் நீங்கியவிடத்து மற்றொரு குடும்பம் அதே முறையிற் புகமுடிகின்றது.

நம் நாட்டிலும் அரசு கட்டிய வாடகை மாடிவீடுகள் இருந்தன. அவற்றுட் பல குடியிருந்தோர்க்கே விற்கப்பட்டன. வாங்கியோரைக் குறைகூறுதல் முறையன்று. ஆனால் இனி விற்கப்படும் வீடொன்றுக்கு ஈடாக வாடகை வீடொன்று கட்டப்படல் வேண்டும் என விதித்தல் தகும். அதற்கான பணத்தை மாளிகைகள்மீது வரியாக இறுப்பதா, வேறு வழியில் ஈட்டுவதா என்பது மாநகரசபைகளின் வரிப் பதிவேடுகளைக் கொண்டு கணக்கிடவேண்டிய விடயமாகும்.