பெருந்தொற்றும் செவிலிய மாணவியரின் அச்சமும்

செவிலியருக்கும் பேறுகால உதவியாளருக்கும் உரியதென உலக சுகாதார நிறுவனம் அறிவித்திருந்த 2020ஆம் ஆண்டிலேயே, அத்தொழிலைக் கற்போர் கொரோனாப் பெருந்தொற்றால் வகுப்பறையையும் மருத்துவமனைப் பயிற்சியையும் ஒருசேர இழந்தனர். மார்ச் 25இல் ஊரடங்கு நடப்புக்கு வந்தபின், நோயாளியின் அருகிலிருந்து பழக வேண்டிய செயல்முறைகளைக் கைப்பேசித் திரையில் பார்த்தே கற்கும் நிலை ஏற்பட்டது. கல்வராயன் மலையடிவாரத்து வடக்கனந்தலிலோ, சிக்னல் எட்டாத மலைச் சிற்றூரிலோ இருந்து படிப்பவருக்கு அதுவும் எளிதன்று. சென்னைக் கோயம்பேடு சந்தையிலிருந்து திரும்பியோர் வழியே, இப்பகுதியை உள்ளடக்கிப் புதிதாய்ப் பிறந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் அவ்வாண்டு மே மாதத்தில் தொற்று பரவியது.

இச்சூழலில் மாணவியரிடம் எழுந்த அச்சத்தையும் மன அழுத்தத்தையும் பிரித்தறிய வேண்டும். அச்சம் என்பது கண்ணெதிரே உள்ள ஆபத்துக்கு மனம் காட்டும் எதிர்வினை. மன அழுத்தம் என்பது, தன்மேல் விழும் சுமை தன் ஆற்றலை மிஞ்சுகிறது என்ற உணர்வு நீடிக்கும்போது உறக்கத்தையும் கவனத்தையும் குலைக்கும் நிலை. கொரோனா அச்சத்தை அளவிட 2020இல் ஆய்வாளர்கள் உருவாக்கிய ஏழு கூற்றுகள் கொண்ட அளவுகோலில் 7 முதல் 35 வரை மதிப்பெண் அமையும். ஆயினும், தம்மால் வீட்டு முதியோருக்கு நோய் வந்துவிடுமோ என்ற மாணவியரின் கலக்கத்தின் முழுக்கனத்தையும் எண்ணால் சொல்லிவிட இயலாது.

இரண்டாம் அலையின்போது, 2021 மே மாதத்தில், இறுதியாண்டு செவிலிய மாணவரையும் மூத்தோர் மேற்பார்வையில் பணியமர்த்தலாம் என்று மத்திய அரசு அறிவித்தது. அவர்களுக்குத் துணிவூட்டும் உரைகளைவிட, கவச உடையை அணிந்து கழற்றும் முறையான பயிற்சியும், தயங்காமல் கேள்வி கேட்கத்தக்க ஒரு மூத்த செவிலியரின் உடனிருப்புமே முதலில் தேவைப்பட்டன.